சோடாப் போத்தலில் நிறக்குறி போடச் சொல்வது நம் விருப்பத்தில் அரசு தலையிடுவதா?

ஒழுங்குவிதி என்றதும் தடை என்று நினைக்கத் தேவையில்லை, விற்பவர் எதை மறைக்கக்கூடாது என்று அரசு சொல்வதும் ஒழுங்குவிதிதான். இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனிக்கு நிறக்குறி உண்டு: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள்.

ஏன் தேவை? நன்றாகக் குளிர்ந்த சோடாவில், அதிலும் புளிப்புச் சேர்ந்திருந்தால், எவ்வளவு சீனி கிடக்கிறது என்று நாக்குக்குப் பிடிபடாது. தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடினாலே முகம் சுளிக்கிறவர் யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் 400 மில்லிலீற்றர் போத்தலை ஒரே மூச்சில் முடிப்பார், 100க்கு 10 கிராம் என்றால் அதில் 40 கிராம், கிட்டத்தட்ட எட்டுத் தேக்கரண்டி, ஆனால் குறி செம்மஞ்சள்தான் (இந்த எல்லை ரொம்பத் தாராளம் என்பது என் எண்ணம்). அப்புறம், அரச ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கு மருந்து இலவசம், அந்தச் செலவு எல்லாருடைய வரிக்காசு.

கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவது போலத்தான் இது. தண்ணி அள்ளுவதை அது தடுப்பதில்லை, விளிம்பைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

பச்சை என்றால் உடம்புக்கு நல்லது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் குறி சீனி குறைவு என்று மட்டும்தான் சொல்கிறது, போசாக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.