'கொலேரிஸ்க்' என்றால் காலராவா, கோபமா?

ஸ்வீடனில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் மேலாளரைச் சக ஊழியர் ஒருவர் 'கொலேரிஸ்க்' என்றார். இதற்கும் காலராவுக்கும் தொடர்பு உண்டா? நானும் அலுவலகத்தில் இச்சொல்லைப் பயன்படுத்தலாமா?"

'கொலேரிஸ்க்' என்றால் எளிதில் கோபப்படும் சுபாவம் கொண்டவர் என்று பொருள். காலராவோடும் அதற்குத் தொடர்பு உண்டு. பித்தநீரைக் குறிக்கும் 'கொலே' என்ற கிரேக்கச் சொல்லே இரண்டுக்கும் வேர். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்த நோயைப் பண்டைய கிரேக்க மருத்துவர்கள் 'கொலேரா' என்றார்கள். பிற்காலத்தில் வங்கத்திலிருந்து பரவி, 1834-இல் ஸ்வீடனையும் தாக்கிய கொள்ளைநோய்க்கு அந்தப் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

கோபத்தின் கதை வேறு வழியில் வந்தது. பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று, மனித உடலில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்மங்கள் இருப்பதாகவும், அவை சமநிலையில் இருப்பதே ஆரோக்கியம் என்றும் கூறுகிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் இக்கொள்கையை விரிவாக வளர்த்தெடுத்தார். மஞ்சள் பித்தம் வெப்பமும் வறட்சியும் கொண்டது, நெருப்போடும் கோடையோடும் இணைந்தது என்று கருதப்பட்டதால், அது மிகுந்தவர் சட்டென்று கொதித்தெழுவார் என்பது அவருக்குப் பின்வந்தோரின் முடிவு. அத்தகையவரைக் குறித்த லத்தீன் சொல்தான் ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூன்றிலும் 'கொலேரிஸ்க்' என்று ஒரே வடிவில் வழங்குகிறது. மருத்துவம் அக்கொள்கையை எப்போதோ கைவிட்டுவிட்டது. சொல் மட்டும் தங்கிவிட்டது.

இதே பொருளில் ஸ்வீடிஷ் மொழியில் 'ஹெட்லெவ்ராட்' என்றும் ஒரு சொல் உண்டு. 'சூடான ஈரல் உடையவர்' என்பது அதன் நேர்ப்பொருள். ஈரலைக் கொதிக்கும் உணர்ச்சிகளின் இருப்பிடமாகக் காண்பதும் பழைய வழக்கமே. ரோமானியக் கவிஞர் ஹொரேஸ், பொறாமையில் தம் ஈரல் பித்தத்தால் பொங்கி வீங்குவதாகப் பாடியிருக்கிறார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உச்சரிக்கும்போது 'லே' என்ற அசையை அழுத்தி நீட்டுங்கள். ஒருநாள் கோபப்பட்டவரை இப்படிச் சொல்வது நியாயமல்ல. அந்நேரக் கோபத்துக்கு 'அர்ய்' என்ற எளிய சொல் போதும். 'கொலேரிஸ்க்' என்பது ஒருவருடைய சுபாவத்தின் மீதே சொல்லும் தீர்ப்பு. ஆகவே நம்பிக்கைக்குரியவரிடம் பேச்சில் சொல்லலாமே தவிர, மேலாளரைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதும் புகாரில் அறவே தவிர்த்துவிடுங்கள். அங்கே எந்தத் தேதியில், யார் முன்னிலையில், என்ன சொல்லிக் கத்தினார் என்பதை எழுதினால்தான் அவர்களால் விசாரிக்க முடியும்.