வேர்ட்பிரஸ் கொண்டு சந்தா, உறுப்பினர் தளத்தை நாமே அமைத்துக்கொள்ள முடியுமா?

சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் திறக்கும் தளம் அமைத்துத் தர ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள், வலைத்தளம் கட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருள்தான் இலவசமாயிற்றே, நானே செய்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். சிற்றிதழோ பயிற்சி வகுப்போ நடத்துபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். செய்யலாம், நான் செய்தேன். நான் கணினிப் பொறியாளன் அல்லன். வேலூர் தோட்டப்பாளையத்தில் அச்சகம் வைத்துக்கொண்டு, பழைய வட ஆற்காட்டு ஊர்களின் வரலாற்றுக்கென ஒரு மாத இதழ் நடத்துகிறவன். சந்தாதாரர்கள் நானூறு பேருக்குச் சற்று மேல். பல்லாயிரம் பேருக்குத் தளம் நடத்துவோர் என் வழியைப் பார்த்துச் சிரிக்கலாம். அவர்களுக்காக இதை எழுதவில்லை.

எனக்கு முதலில் பிடித்தது கோஸ்ட் என்னும் இன்னொரு தள மென்பொருள். உறுப்பினர் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் சந்தாப் பணம் வாங்க அது ஸ்ட்ரைப் என்னும் இணையவழிப் பணம் வாங்கித் தரும் நிறுவனத்தைச் சார்ந்திருக்கிறது. ஸ்ட்ரைப்போ 2024 முதல் இந்தியாவில், தானே அழைப்பவர்களுக்கு மட்டுமே புதிய கணக்குத் தருகிறது. டுருபல், ஜூம்லா என்னும் வேறு இரண்டு தள மென்பொருள்களிலும் இதே வேலையைச் செய்யலாம் என்பதை மறுக்கவில்லை. காட்பாடியில் எனக்கு உதவ முன்வந்த பையனுக்கு வேர்ட்பிரஸ் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பெய்ட் மெம்பர்ஷிப்ஸ் புரோ என்னும் பிளகினின் (வேர்ட்பிரஸ்ஸோடு சேர்க்கும் துணை நிரல்) இலவசப் பதிப்பை நிறுவி, ஆண்டுக்கு 360 ரூபாய் என்று ஒரு சந்தா நிலை வைத்து, வாசகரிடம் பணம் வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் நம் நாட்டு பேமென்ட் கேட்வே ஒன்றோடு இணைத்து, இதழ்ப் பக்கங்களைப் பூட்ட நான்கு மாலைகள் போதுமாயின. தளம் ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

எங்கள் அச்சகத்தில் என் தந்தையார் காலத்திலிருந்து ஒரு நீளப் பதிவேடு உண்டு. பெயர், முகவரி, தொகை வந்த நாள், சந்தா முடியும் மாதம். முடிந்துவிட்டால் பெயரின் கீழ் சிவப்பு மையால் ஒரு கோடு. சந்தாத் தளம் என்பது உண்மையில் அந்தப் பதிவேடுதான். பக்கத்தின் அழகில் ஒரு மாதம் செலவிட்ட நான், இந்தப் பதிவேட்டை யார் எழுதுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் வாரத்திலேயே குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "இன்னா தம்பி, பணத்த எடுத்துக்கினு உள்ள உட மாட்டேங்குதே!" என்றார். "சார், ஒரு நிமிஷம், பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திறந்தால், அவர் பெயருக்கு நேரே 'நிலுவை' என்றிருந்தது. வங்கிக் கணக்கிலோ பணம் வந்திருந்தது. தேடிப் பார்த்ததில் அவரைப் போல் பதினொரு பேர். கைப்பேசியில் பணம் கட்டும்போது உலாவியிலிருந்து யுபிஐ செயலிக்குத் தாவுகிறோம் அல்லவா, பணம் போனதும் பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள். சில கைப்பேசிகள் நினைவகம் போதாமல் பழைய பக்கத்தைத் தாமாகவே கைவிட்டுவிடுகின்றன. திரும்பி வந்து "கட்டிவிட்டேன்" என்று தளத்துக்குச் சொல்ல ஆள் இல்லை. இதற்காகவே வெப்ஹூக் இருக்கிறது: கேட்வேயின் சர்வர், வாசகரை நம்பியிராமல், நம் சர்வருக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும். அந்தச் செய்தி வந்து சேர வேண்டிய முகவரிக்கான பெட்டியை நான் காலியாக விட்டிருந்தேன். முகவரியை நிரப்பிய பிறகும் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் பாதுகாப்புப் பிளகின் அந்தச் செய்தியை அயலார் தாக்குதல் என்று எண்ணி 403, அதாவது 'அனுமதி இல்லை', என்று காட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கேட்வே நிறுவனத்துக்கு எழுதினால் "உங்கள் தரப்பில் சரிபார்க்கவும்" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. அது உண்மைதான் என்றாலும், எங்கே பார்ப்பது என்று இன்னொரு வரி எழுதியிருந்தால் இரண்டு இரவுகள் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது என் மானத்தை வாங்கியது. ஆரணியில் இருக்கும் என் மைத்துனர் தம் ஊர்ப் பெயரைக் கூகுளில் தேட, எங்கள் இதழின் பிடிஎஃப் முழுதாகத் திறந்துகொண்டது. சந்தா எதற்கு மாமா என்று சிரித்தார். பிளகின் பூட்டுவது கட்டுரைப் பக்கத்தை மட்டுமே. வேர்ட்பிரஸ்ஸில் ஏற்றும் கோப்பு அப்லோட்ஸ் என்னும் அடைவில் (கோப்புறையில்) ஆண்டு, மாதம் வாரியாகக் கிடக்கும். முகவரி தெரிந்த எவரும் அதை எடுக்கலாம். இப்போது கோப்புகளைப் பொது அடைவுக்கு வெளியே வைத்து, உள்நுழைந்தவரா, சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துத் தரும் சிறு நிரல் ஒன்றின் வழியாகவே கொடுக்கிறேன். பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்து விரைவாகக் காட்டும் கேஷ் பிளகின் வைத்திருந்தால் உறுப்பினருக்கான பக்கங்களை அதிலிருந்து விலக்கிவிடுங்கள். இல்லையேல் ஒருவருக்குத் திறந்த பக்கம் மற்றவருக்கும் திறக்கக்கூடும்.

சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் ஏற்பாட்டை நான் வைக்கவில்லை. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, வாடிக்கையாளர் முதலில் கூடுதல் சரிபார்ப்போடு ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுக்கும் முன்பும் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் அவருக்கு அறிவிப்புப் போக வேண்டும். வாசகருக்கு நல்ல விதிதான், குறை சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை 360 ரூபாய் வாங்குகிற எனக்கு, முடிவதற்குப் பதினைந்து நாள் முன்னதாக ஒரு நினைவூட்டு மின்னஞ்சல் போதும். அதுவும் தொடக்கத்தில் நேரத்துக்குப் போகவில்லை. வேர்ட்பிரஸ்ஸின் உள் கடிகாரம் யாராவது தளத்துக்கு வந்தால்தான் நகரும் என்பதால், தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங் சர்வரில், குறித்த நேரத்தில் தானே ஓடும் உண்மையான கிரான் வேலை ஒன்றை வைத்த பிறகே சரியாயிற்று.

ஆகவே தளத்தைத் திறக்கும் முன் பத்து ரூபாய்க்கு ஒரு நிலை அமைத்து, உங்கள் கைப்பேசியிலிருந்தே கட்டி, யுபிஐ செயலியில் பணம் போனவுடன் உலாவியை மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே நுழைய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் விளம்பரத்தை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.

குடியாத்தத்து ஆசிரியர் இந்த ஆண்டுச் சந்தாவை நேரில் வந்து நோட்டாகவே கொடுத்துவிட்டுப் போனார். பதிவேட்டிலும் தளத்திலும் அவர் பெயரை என் கையாலேயே ஏற்றினேன்.