முதல் முறை ட்ராக்கிற்குப் போகிறீர்களா? பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் ஹேட்ச்பேக் காரையே அடுத்த மாதம் முதல் முறையாக ட்ராக்கில் பயிற்சி ஓட்டத்துக்குக் கொண்டுபோகிறேன். போட்டி இல்லை. வண்டியைத் தயார் செய்து தருவதாகச் சொன்ன ஒருவர், நைட்ரஜன் சிலிண்டர், இம்பாக்ட் கன், நான்கு முனை பெல்ட், ஹெல்மெட் என்று ஒரு ‘ஸ்டார்ட்டர் பேக்கேஜ்’ பட்டியல் நீட்டியிருக்கிறார். முன்பணமும் கொடுத்துவிட்டேன். உண்மையில் எனக்கு என்னென்ன தேவை?

பதில்: தம்பி, பட்டியலில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று பார்த்தேன். புது பிரேக் ஆயில் இல்லை, நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லை, டயர் பிரஷர் கேஜ்கூட இல்லை. வண்டியைப் பார்க்காமலேயே எழுதிய பட்டியல் போலத் தெரிகிறது. இந்த ‘பேக்கேஜ்’ ஆட்கள் எல்லோரும் ஒரே ரகம். லாபம் அதிகமுள்ள பொருள் மேலே இருக்கும், உங்கள் உயிரைக் காக்கும் பொருள் இருக்கவே இருக்காது.

முதலில் பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்பது பிரேக் ஆயிலில் ஒரு தர வகை. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலிடம் விதி எதிர்பார்ப்பது 155 டிகிரிதான். ஆபீஸ் போகும் வழியில் உங்களுக்கு இந்த வித்தியாசமே தெரியாது. ட்ராக்கில் நாலைந்து சுற்று அழுத்திப் பிடித்தால் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழி வரும். அடுத்த வளைவில் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அதனால் போவதற்கு முந்தைய வாரம் முழு ஆயிலையும் மாற்றுங்கள். டிஸ்கைப் பிடிக்கும் பிரேக் பேட் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிட்டு, பழைய பேடைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு உதவும். டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கான் ஆயில், உங்கள் வண்டிக்கு ஆகாது. டாட் 5.1 வேறு, அது ஆகும். இப்படிப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது!

அடுத்தது டார்க் ரெஞ்ச். இம்பாக்ட் கன் நட்டைக் கழற்ற வசதிதான், ஆனால் எவ்வளவு இறுக்கினீர்கள் என்று அது சொல்லாது. கூடுதலாக இறுகினால் போல்ட் நீண்டு பலமிழக்கும், குறைந்தால் சக்கரம் ஆடும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. சக்கரம் தூக்கியிருக்கும்போது நட்டுகளை எதிரெதிராகக் கையால் முடுக்கி, தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து ‘க்ளிக்’ வரும்வரை இறுக்குங்கள். ஒரு க்ளிக் போதும். முதல் ஓட்டம் முடிந்து சூடு ஆறியதும் நான்கு சக்கரத்தையும் திரும்பப் பாருங்கள். ரெஞ்சை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள், அதன் கணக்குக் கெட்டுவிடும்.

நைட்ரஜன் கதையை எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல்தான் வருகிறது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். நைட்ரஜன் நிரப்பினாலும் டயர் சூடானால் பிரஷர் ஏறத்தான் செய்யும். உங்களுக்குத் தேவை ஒரு நல்ல கேஜ், ஒரு சிறிய 12 வோல்ட் பம்ப், ஒரு நோட்டு. கையேட்டில் உள்ள அளவோடு தொடங்குங்கள். ஓட்டம் முடிந்து உள்ளே வந்த கையோடு நான்கு டயரையும் அளந்து எழுதுங்கள், மிக ஏறியிருந்தால் கொஞ்சம் விடுங்கள். பம்ப் எதற்கென்றால், சூட்டில் காற்றை விட்டவர் மாலையில் ஆறிய டயரோடு அப்படியே நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார். பிரஷர் குறைந்த டயரோடு வீடு திரும்பும் அந்தப் பயணம் ட்ராக்கைவிட ஆபத்து. கிளம்புமுன் நிரப்பிவிடுங்கள்.

வண்டியோடு வந்த ஜாக்கி பஞ்சருக்கு மட்டும்தான். தரையோடு படியும் 2 டன் ட்ராலி ஜாக்கியும், தூக்கிய வண்டியைத் தாங்க இரண்டு ஸ்டாண்டும் வேண்டும். வெயிலில் தார் இளகும், அதனால் ஸ்டாண்டின் அடியில் வைக்கத் தடித்த பலகை எடுத்துப்போங்கள். ஸ்டாண்ட் இல்லாமல் வண்டிக்கடியில் கையைக்கூட நீட்டக் கூடாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இரண்டு. பிரேக் கொதிநிலையில் இருக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் பேட் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே கியரில் போட்டுக் கட்டை வையுங்கள். மற்றபடி ஸ்பானர் செட், கேபிள் டை, ஒட்டு டேப், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், கையுறை, டார்ச், தீயணைப்பான். இழுவைக் கொக்கியை வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள், சில வண்டிகளில் மரை இடப்பக்கம் திருகும். தரை மிதியடி, ஸ்டெப்னி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஓட்டத்துக்கு முன் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஹெல்மெட்டில் பைக் ஹெல்மெட்டைத் தள்ளிவிடுவது பழைய தந்திரம். ஹெல்மெட்டுகளைச் சோதித்து முத்திரை தரும் ஸ்னெல் நிறுவனத்தின் ‘எம்’ முத்திரை பைக்குக்கு, ‘எஸ்.ஏ.’ முத்திரை கார் பந்தயத்துக்கு. எஸ்.ஏ. ஹெல்மெட்டைத் தீயில் சோதிப்பார்கள், உருளைக் கம்பியில் மோதிச் சோதிப்பார்கள், எம் வகைக்கு அது கிடையாது. முத்திரை உள்துணிக்குக் கீழே ஒட்டியிருக்கும், வெளியே பளபளக்கும் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கவே வாங்காதீர்கள், எங்கே விழுந்ததென்று யாருக்குத் தெரியும்? எந்த ஆண்டு முத்திரை செல்லும் என்று அமைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒருவர் பழைய ஆண்டு எஸ்.ஏ. முத்திரையே போதும் என்பார், இன்னொருவர் புதியதைக் கேட்பார். அதையும் விதிப்புத்தகத்தின் கடைசிப் பின்னிணைப்பில் ஒளித்து வைத்து, வாசலில் வந்த பிறகுதான் சொல்வார்கள்.

நான்கு முனை பெல்ட்டை அடித்துவிடுங்கள். தோள்மேல் வரும் பட்டைகள் இரண்டும் இடுப்புப் பெல்ட்டின் நடுவில் சேரும் அமைப்பு அது. மோதும்போது அந்தப் பட்டைகளின் இழுப்பில் இடுப்புப் பெல்ட் மேலேறி வயிற்றை அழுத்தும், உடம்பு அடியில் வழுக்கும். கூரை நசுங்கினால் உங்கள் வண்டியின் மூன்று முனை பெல்ட் உடம்பைச் சாய விடும், இது நிமிர்த்திக் கட்டிப் போட்டிருக்கும். ரேஸ் சீட், தொடையிடைப் பட்டையுள்ள ஆறு முனை பெல்ட், வண்டி உருண்டால் கூரையைத் தாங்கும் இரும்புக் கூண்டு (ரோல் கேஜ்), கழுத்துக் காப்பு நான்கும் ஒரே தொகுதி. ஒன்றை மட்டும் பிய்த்து மாட்டக் கூடாது.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த ஆள் அதைப் பிடித்துக்கொள்வார். ஒரு தோளின் பட்டையில் மட்டும் மடிப்பு வைத்துத் தைத்த நான்கு முனை பெல்ட் இருக்கிறது. மோதலில் அந்த மடிப்புப் பிரிந்து ஒரு தோள் சற்று முன்னே போகும், உடம்பு லேசாகத் திரும்பும், இடுப்புப் பெல்ட் இடத்திலேயே நிற்கும். கம்பெனி சீட்டோடு பயன்படுத்தவென்றே செய்தது. ஆனால் குறிப்பிட்ட வண்டிக்கும் குறிப்பிட்ட சீட்டுக்கும்தான் அதற்கு ஒப்புதல். உங்கள் மாடல் பெயர் எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள். ‘எல்லா வண்டிக்கும் ஒத்துவரும்’ என்று பதில் வந்தால் அது அந்தப் பெல்ட் இல்லை. முத்திரைக் கணக்கும் ஒரு கூத்து: சர்வதேச கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் முத்திரைக்கு 5 ஆண்டு ஆயுள், அமெரிக்காவின் எஸ்.எஃப்.ஐ. அமைப்பு தரும் 16.1 முத்திரைக்கு 2 ஆண்டு. பட்டையில் ஒட்டிய முத்திரையைப் பொறுத்துப் பட்டை பழசாகிறதாம்!

உடைக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, முழு பேண்ட், மெல்லிய அடிப்பாகமுள்ள மூடிய ஷூ. நைலான் வேண்டாம், தீயில் உருகித் தோலோடு ஒட்டும். தீ தாங்கும் சூட்டெல்லாம் போட்டியில் இறங்கும் அன்று பார்த்துக்கொள்ளலாம்.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தத் தொகைக்கு பேடும் பிரேக் ஆயிலும் தரச் சொல்லுங்கள். ஆயில் பாட்டிலின் சீலை உங்கள் கண்முன்னால்தான் உடைக்க வேண்டும். மாற்றும் வேலையை வேறு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.