தர்மபுரி எம்பி தொகுதிக்குள் மேட்டூர் எப்படி வந்தது? அது பாமக கோட்டைதானா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. சேலம் மாவட்டத்து மேட்டூர் ஏன் தர்மபுரி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது என்பது ஒன்று, எல்லாரும் சொல்கிற மாதிரி இது பாமக கோட்டையா என்பது இன்னொன்று. நான் மாரண்டஅள்ளி பக்கம், பாலக்கோடு சட்டமன்றத் தொகுதி வாக்காளர். வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே எனக்கு எம்பி தொகுதி மாறியிருக்கிறது, அதனால் இந்த எல்லைக் கதையை அங்கிருந்தே சொல்கிறேன்.

முதல் ஓட்டு 1998-ல் போட்டேன். மாவட்டம் தர்மபுரி, கலெக்டர் ஆபீஸ் தர்மபுரி, ஆனால் எம்பி மட்டும் கிருஷ்ணகிரி எம்பி. பாலக்கோடு அப்போது ஓசூர், தளி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, பர்கூரோடு சேர்ந்து அந்தத் தொகுதியில் இருந்தது. 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது, நாங்கள் தர்மபுரி மாவட்டத்திலேயே நின்றுவிட்டோம். மூன்று மாதத்தில் மக்களவைத் தேர்தல் வந்தது. மாவட்டம் வேறாகிவிட்டது, ஓட்டு மட்டும் பழையபடி கிருஷ்ணகிரிக்கே. ஜெயித்தவர் இ.ஜி.சுகவனம், 1996-ல் பர்கூரில் ஜெயலலிதாவைத் தோற்கடித்தாரே, அவரேதான். எங்கள் அப்பா ஒரு மனு எழுதிக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் அலைந்தது அந்தச் சமயத்தில்தான்.

2008-ல் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைந்த மறுவரையறையில் இது சரியானது. காவேரிப்பட்டணம் தொகுதி போய்விட்டது, ஊத்தங்கரையும் வேப்பனஹள்ளியும் புதிதாக வந்தன, கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் அந்த மாவட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. பாலக்கோடு தர்மபுரிக்கு வந்தது. மொரப்பூர் என்ற பெயர் மறைந்து பாப்பிரெட்டிப்பட்டி வந்தது.

இனி மேட்டூருக்கு வருவோம். இது வெறும் வகுத்தல் கணக்கு. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதி, 39 மக்களவைத் தொகுதி, ஒன்றுக்கு ஆறு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சரியாக ஆறு இருக்கிறது, தர்மபுரியில் ஐந்துதான்: பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் (தனி). ஆறாவதை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். தொகுதி எண்ணைப் பார்த்தாலே தெரியும், 57-லிருந்து 61 வரை வரிசையாக வந்து அப்புறம் ஒரே தாவலாக 85, அதுதான் மேட்டூர். 2008-க்கு முன்னால் மேட்டூரோடு தாரமங்கலமும் சேர்ந்து சேலம் மாவட்டத்துத் தொகுதிகளே இரண்டு இருந்தன, இப்போது குறைந்திருக்கிறது. வரைபடத்தில் பார்ப்பதற்குத்தான் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். பென்னாகரம் பக்கம் நாகமரையில் படகு ஏறினால் அந்தக் கரையில் பண்ணவாடி, மேட்டூர் தொகுதிக்குள் இறங்கிவிடலாம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது அசலூர் கிடையாது. பாலக்கோட்டுக்காரனான எனக்குத்தான் மேட்டூர் தூரம்.

1952-ல் தர்மபுரி என்ற பெயரில் ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது, என்.சத்தியநாதன் சுயேச்சையாக ஜெயித்தார். 1957-ல் அந்தப் பெயர் காணாமல் போய், தொகுதியாகத் திரும்பி வந்தது 1977-ல்தான். அந்த வருஷம் காங்கிரஸின் வாழப்பாடி ராமமூர்த்தி, 1980-ல் திமுகவின் அர்ஜுனன், 1984-ல் அதிமுகவின் தம்பிதுரை (மக்களவைத் துணைத் தலைவர் ஆனது இந்தத் தொகுதி எம்பியாக இருந்தபோதுதான்), 1989-ல் எம்.ஜி.சேகர், 1991-ல் தங்கபாலு, 1996-ல் தமாகாவின் தீர்த்தராமன். 1998-க்கு முன்னால் பாமக ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.

அப்புறம் பாரிமோகன், பு.தா.இளங்கோவன், செந்தில் என்று 1998, 1999, 2004 மூன்றும் பாமகதான். கோட்டை என்ற பேச்சு அங்கே ஆரம்பித்தது. ஆனால் கூட்டணியைக் கவனியுங்கள்: முதல் முறை அதிமுகவோடு, அடுத்த முறை திமுக, பாஜகவோடு, மூன்றாவது முறை திமுக, காங்கிரஸோடு. 2009-ல் அதிமுக பக்கம் போனார்கள், திமுகவின் தாமரைச்செல்வனிடம் தோற்றார்கள். 2014-ல் பாஜக அணியில் அன்புமணி ஜெயித்தார், மாநிலமே அதிமுக பக்கம் சாய்ந்தபோது அந்த அணிக்குக் கிடைத்தது இங்கேயும் கன்னியாகுமரியும் மட்டும்தான். அவரே 2016-ல் முதல்வர் வேட்பாளராகப் பென்னாகரத்தில் நின்று தோற்றார், 2019-ல் அதிமுக கூட இருந்தும் மக்களவைத் தேர்தலில் திமுகவின் செந்தில்குமாரிடம் தோற்றார்.

அதற்காக அந்தக் கட்சிக்கு இங்கே ஒன்றுமில்லை என்று சொன்னால் அதுவும் பொய். 2010 பென்னாகரம் இடைத்தேர்தலில் தனியாக நின்று இரண்டாம் இடம் வந்தார்கள், அதிமுக மூன்றாம் இடத்துக்குப் போனது. 2021-ல் இந்த ஆறு சட்டமன்றத் தொகுதியையும் அதிமுக அணி வாரிக்கொண்டது, மூன்று அதிமுக, மூன்று பாமக. 2024-ல் அந்த அணி இல்லை, பாமக பாஜகவோடு நின்றது. வாக்கு எண்ணிக்கையின் ஆரம்பச் சுற்றுகளில் பாமகவின் சௌமியா அன்புமணிதான் முன்னிலை, எங்கள் தெருவில் பட்டாசு வாங்கப் பையன்கள் கிளம்பியேவிட்டார்கள், கடைசியில் திமுகவின் ஆ.மணி 21,300 ஓட்டில் ஜெயித்தார். என்னைக் கேட்டால், பாமகவுக்கு இங்கே கெட்டியான ஒரு பங்கு ஓட்டு இருக்கிறது, ஆனால் அது மட்டும் ஜெயிக்கப் போதாது, கூட ஒருவர் வேண்டும், சில சமயம் கூட இருந்தும் போதவில்லை.

இந்தத் தொகுதியில் ஓட்டுப் போடுவதில் மட்டும் யாரும் சோம்பல் படுவதில்லை, 2024-ல் 81 சதவீதத்துக்கு மேல், மாநிலத்திலேயே அதிகம். வருகிறவர்கள் பேசுவதோ அதே இரண்டுதான்: மொரப்பூர் – தர்மபுரி ரயில் பாதை, காவிரி உபரிநீரை எங்கள் ஏரிகளுக்குக் கொண்டுவரும் திட்டம். காவிரி ஒகேனக்கல்லில் விழுவதும் இந்தத் தொகுதியில்தான், மேட்டூர் அணையில் தேங்குவதும் இந்தத் தொகுதியில்தான். எங்கள் ஊர் ஏரியில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.