தஞ்சைப் பக்கம் போலீசார் ஒருவரைத் துரத்திச் சென்று சுட்டுக் கொன்றால் அதை யார் விசாரிப்பார்கள்?

சுட்டவர்களின் காவல் நிலையமே விசாரிக்கக் கூடாது. மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவாகி, சிபிசிஐடியோ வேறொரு காவல் நிலையக் குழுவோ உயர் அதிகாரியின் மேற்பார்வையில் புலனாய்வு செய்ய வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணையும் கட்டாயம்.

ரத்தம் தோய்ந்த மண்ணைக்கூடச் சேகரிக்கச் சொல்கிறது அத்தீர்ப்பு. டெல்டாவில் இதுவே மிக அவசரமான வேலை என்பேன்: வரப்பில் ஓடியவரின் காலடித் தடமும், அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றார் என்பதற்கான அடையாளமும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டால் அழிந்துபோகும். குண்டு முதுகில் பாய்ந்ததா, மார்பிலா என்பதை இரு மருத்துவர்கள் வீடியோ பதிவுடன் செய்யும் பிரேதப் பரிசோதனை காட்டும். சுட்ட துப்பாக்கியையும் தடய அறிவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும்.

இந்த நடைமுறைகள் மீறப்பட்டதாகக் குடும்பத்தார் கருதினால், அப்பகுதிக்குரிய செஷன்ஸ் நீதிபதியிடம் முறையிடலாம்.