குளவி போட்ட மூடி

கேள்வி: குரூப் 4 தேர்வை மூன்று முறை எழுதிவிட்டேன் டீச்சர். மூன்று முறையும் சில மதிப்பெண்ணில் போய்விட்டது. "ஒரு பூச்சிகூட விடாம பாடுபட்டுப் பிழைக்குது, நீ ஏன்டா சோர்ந்து போற?" என்கிறார் அம்மா. பூச்சியைப் பார்த்து மனிதன் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: நிறைய இருக்கிறது தம்பி. இந்தப் பங்குனியில் என் தையல் மிஷினுக்கு மேலே, ஜன்னல் சட்டத்தில் ஒரு குளவி கூடு கட்டியது. துவைக்கிற கல்லடி ஈரத்திலிருந்து ஒரு மண் உருண்டையை வாயில் கவ்வி வரும். அதை அப்பும்போது 'ரீங்' என்று ஒரு சத்தம். உடம்பை அதிரவைத்துத்தான் மண்ணை இழைக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன், பதினான்கு நடை.

குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார் என் மாமியார், கலைக்க விடமாட்டார். ஆனால் வெள்ளையடிக்க வந்தவர் தெரியாமல் சுரண்டிவிட்டார். கூடு உடைந்து குட்டிக் குட்டிச் சிலந்திகள் தரையில் கொட்டின. ஈர்க்குச்சியால் தொட்டால் கால் லேசாகத் துடித்தது. குளவி அவற்றைக் கொல்வதில்லை. கொட்டி அசையாமல் மட்டும் செய்கிறது. செத்தால் அழுகிவிடும், குளவி முட்டையிலிருந்து வரும் புழுவுக்குத் தின்ன ஆகாது.

மறுநாள் காலையில் அதே சட்டத்தில், இரண்டு விரற்கடை தள்ளி, புது ஈர மண். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா சொல்வது இதைத்தான். அதில் தப்பே இல்லை.

ஆனால் குளவியிடம் இன்னொன்றும் இருக்கிறது. பிரான்சு நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ஃபாபர் (1823–1915) இதே வகைக் குளவியை வைத்து ஒரு சோதனை செய்தார். கூட்டிலிருந்த சிலந்தியையும் முட்டையையும் எடுத்துவிட்டார். குளவி வேறு சிலந்தி கொண்டுவந்தது. அதையும் எடுத்தார். மறுபடியும் கொண்டுவந்தது. இப்படியே போய்க் கடைசியில், உள்ளே ஒன்றுமே இல்லாத அறைக்கு ஒழுங்காக மூடி போட்டுவிட்டுப் பறந்துவிட்டது. அதைப் படித்த அன்று வெகுநேரம் மனசு ஆறவில்லை. உழைப்பில் ஒரு குறையும் இல்லை, தம்பி. உள்ளே எட்டிப் பார்க்கத்தான் அதற்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரியும். அதனால் நான்காவது முறை விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய வினாத்தாள்கள் மூன்றையும் எடுத்து, விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகத் திருத்துங்கள். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் எத்தனை போயிற்று? பொது அறிவில் எத்தனை? கணக்கும் அறிவுக்கூர்மையும் சேர்த்து 25 கேள்வி. அதில் எத்தனையைப் போட்டுப் பார்க்காமலே விடைத்தாளில் ஏதோ ஒரு வட்டத்தைக் கருப்பாக்கினீர்கள்? மூன்று தாளிலும் ஒரே இடத்தில்தான் அடி விழுகிறதா என்று பாருங்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் வராத பாடத்தை ஒதுக்கிவிட்டு, வருகிற பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

உங்களுக்குக் கணக்கில்தான் போகிறது என்றால் புதுசாக கைடு எதுவும் வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். முதல் பாடத்திலிருந்து போடுங்கள்.