டிஸ்க் போட்டும் பிரேக் பிடிக்கவில்லையே, ஏன்?

பழைய கார்களில் பிரேக்கை மாற்றியமைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். வேலையில் இறங்குமுன் ஒன்று: பழைய ஷூ லைனிங்கில் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்புறத்தை உரசிப் பிடிக்கும் பட்டையில்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: என் காருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. நான்கு சக்கரத்திலும் டிரம், பூஸ்டர் (மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் உறுப்பு) கிடையாது. முன்சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் போட்டேன். இப்போது முன்னைவிட மோசம். முழு பலத்தையும் கொடுத்து மிதிக்க வேண்டியிருக்கிறது. பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டை) தரம் சரியில்லையா?

பதில்: பேட் மீது பழி போட வேண்டாம். டிரம் பிரேக்கில் ஷூ போய்த் தொட்டதும், சுற்றுகிற டிரம் அந்த ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். கால் கொடுக்கும் அழுத்தத்தோடு சக்கரமும் தன் பங்கைச் சேர்க்கிறது. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. அதே பிடிப்பு வர வேண்டுமானால் லைனில், அதாவது பிரேக் ஆயில் போகும் பைப்பில், பிரஷர் கூட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெடல் விகிதம் 6:1 என்றால், காலால் 30 கிலோ விசை கொடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் தள்ளும் பிஸ்டனால் ஆயிலை லைனுக்கு அனுப்பும் சிலிண்டர்) 180 கிலோ போகிறது. சிலிண்டரின் உள்விட்டம் 22.2 மி.மீ. என்றால் பிஸ்டன் பரப்பு 3.87 சதுர செ.மீ.; லைனில் சதுர செ.மீ.க்கு சுமார் 46 கிலோ கிடைக்கும். உள்விட்டம் 19.05 மி.மீ. என்றால் 63 கிலோ. அப்படியானால் சின்ன சிலிண்டரே போதுமே என்று தோன்றும். ஆனால் காலிப்பர் (டிஸ்க்கில் பேட்டை அழுத்தும் பகுதி) பிஸ்டனின் பரப்பு, டிரம்மில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரைவிடப் பல மடங்கு பெரியது. அதைத் தள்ள ஆயிலும் அதிகம் போக வேண்டும். சின்ன சிலிண்டரில் அதே அளவு ஆயிலை அனுப்ப, பெடல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுதலாக இறங்கும். பெடல் தரையில் முட்டிவிட்டால் அதற்குமேல் பிரேக் இல்லை.

ஆகவே எடை கூடிய காருக்குப் பெரிய மாஸ்டர் சிலிண்டரும் வேக்குவம் பூஸ்டரும் சேர்ந்தே வர வேண்டும். பூஸ்டர் வந்தால் பெடல் விகிதத்தை 4:1 அளவுக்குக் குறையுங்கள். இல்லாவிட்டால் லேசாகத் தொட்டாலே வெடுக்கென்று பிடிக்கும். பேட் தேயத் தேய ஆயில் மட்டமும் இறங்கும் என்பதால், டிரம் காலத்துச் சின்ன ஆயில் டப்பா போதாது, அதையும் மாற்றுங்கள்.

பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் லேசாக இறங்க வேண்டும்.

கேள்வி: டிஸ்க் மாற்றிய பிறகு சில கிலோமீட்டர் ஓடியதும் முன்சக்கரங்கள் கொதிக்கின்றன. வண்டியைத் தள்ளினால்கூட உருளவில்லை. ஆறியதும் தானாகவே சரியாகிவிடுகிறது.

பதில்: இதில் ஊகம் வேண்டாம், பிடித்திருக்கும்போதே வரிசையாகச் சோதித்தால் காரணம் அகப்படும். வண்டி உருளாதபடி பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

முதலில் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டரை இரண்டு மூன்று மி.மீ. முன்னால் இழுங்கள். சக்கரம் விட்டுவிட்டால் புஷ்ராட் (பூஸ்டரிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பி) நீளமாக இருக்கிறது. காலை எடுத்த பிறகும் அது பிஸ்டனை முழுசாகத் திரும்பவிடாமல் தாங்கி நிற்கிறது. ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துவாரம் மூடியே கிடக்கிறது. சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக இடமில்லை, பேட்டைத்தான் அழுத்தும். புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மி.மீ.க்குள் சிறு இடைவெளி இருக்கும்படி சரிசெய்யுங்கள்.

விடவில்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரில் முன்பக்கப் பைப்பின் நட்டைத் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விட்டால், பழைய டிரம் சிலிண்டருக்குள் இருக்கும் ரெசிடுவல் வால்வைச் சந்தேகப்படலாம். டிரம் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) பிரஷரை நிறுத்திவைப்பது இதன் வேலை. வீல் சிலிண்டர் ரப்பர் காற்றை உள்ளே இழுக்காமலிருக்க அங்கே அது தேவை. டிஸ்க் லைனில் அதே பிரஷர் பேட்டை ஓயாமல் உரசவைக்கும். கழற்றிவிட வேண்டியதுதான். மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாக, தளத்துக்கடியில் இருக்கும் கார்களுக்கு மட்டும் 2 பிஎஸ்ஐ வால்வு போடுவார்கள்.

அதற்கும் விடவில்லை, காலிப்பர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகை) திறந்தால்தான் விடுகிறது என்றால் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும், ஏமாறாதீர்கள். நிப்பிளைத் திறந்தும் பிடித்தபடியே இருந்தால் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னோ ஜாம் ஆகியிருக்கிறது.

கேள்வி: ஒற்றை லைன் மாஸ்டர் சிலிண்டரை இரட்டையாக (முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைனாக) மாற்றுவது அவசியமா?

பதில்: டிஸ்க்குக்கும் முந்திச் செய்ய வேண்டிய வேலை அது. ஒற்றை லைனில் எங்கே ஒரு பைப் அறுந்தாலும் நான்கு சக்கரமும் போய்விடும். மாட்டியபின் வண்டியை நிறுத்திவைத்தே ஒரு சோதனை செய்யுங்கள்: பின்பக்க நிப்பிளைத் திறந்துவிட்டு மிதியுங்கள். பெடல் வெகுவாக இறங்கினாலும், தரையைத் தொடாமல் முன்பிரேக்கைப் பிடித்து நிற்க வேண்டும். பிறகு பின்னதை மூடி, முன்னதைத் திறந்து அதேபோல். எந்தப் பக்கம் தரையில் முட்டினாலும் பெடல் ஓட்டம் போதவில்லை; இரண்டு லைன் இருந்தும் பயனில்லை. சோதனை முடிந்ததும் மறுபடி ஏர் எடுக்க (லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற) மறக்காதீர்கள்.

கேள்வி: முன்னால் டிஸ்க், பின்னால் பழைய டிரம். மழையில் அழுத்தினால் பின்சக்கரம் முதலில் நின்று வால்பக்கம் சறுக்குகிறது.

பதில்: முதலில் பின் டிரம்மைத் திறந்து பாருங்கள். வீல் சிலிண்டரோ ஆக்சில் சீலோ கசிந்து லைனிங் நனைந்திருந்தால் வெடுக்கென்று பிடிக்கும். அதற்கு வால்வு மருந்தாகாது. லைனிங் உலர்ந்திருந்தால், பின் லைனில் மட்டும் சரிசெய்யக்கூடிய புரொபோர்ஷனிங் வால்வு (பின்பக்கப் பிரஷரைக் குறைக்கும் வால்வு) போடுங்கள். தொழிற்சாலை வால்வு ஏற்கெனவே இருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான். பின்பக்கப் பிரஷரைக் குறைந்தபட்சத்தில் வைத்து, ஆளில்லாத திடலில் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். எப்போதும் முன்சக்கரம்தான் முதலில் நிற்க வேண்டும். சறுக்கும் பின்சக்கரம் வண்டியையே சுழற்றிவிடும்.

கேள்வி: எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு போல இருக்கிறது.

பதில்: காலிப்பர் இடம்வலம் மாறியிருக்கிறதா பாருங்கள். நிப்பிள் மேலே இருக்க வேண்டும். மாறியிருந்தால் கீழே வந்துவிடும், மேலே தங்கிய காற்று எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் வராது. புது மாஸ்டர் சிலிண்டரை மாட்டுவதற்கு முன் வைஸில் பிடித்து, துவாரங்களிலிருந்து குழாய்களை டப்பாவுக்கே திருப்பிவிட்டு, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாகத் தள்ளி எடுங்கள். பெடல் கடினமாகவே இருந்து, வெகு கீழே வந்துதான் பிடிக்கிறதென்றால் அது காற்று அல்ல; பின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கிறது. பல நல்ல மாஸ்டர் சிலிண்டர்கள் இந்தக் குழப்பத்தால்தான் வீணாகக் கழற்றப்படுகின்றன.

கேள்வி: செம்புப் பைப் போடலாமா? எந்த ஆயில்?

பதில்: வெறும் செம்பு கூடாது; அதிர்வில் இறுகி விரிசல் விடும். செம்பு-நிக்கல் கலவைப் பைப் வளைக்க எளிது, துருவும் பிடிக்காது. பைப் முனையை விரித்து அடிக்கும் ஃபிளேர், இரட்டை ஃபிளேரா குமிழ் ஃபிளேரா என்று பார்த்து நட்டுக்கு ஏற்றபடி அடியுங்கள். ஒன்றுக்கு மற்றொன்று கசியும்.

பிரேக் ஆயிலின் தர வகைகளில் டாட் 4 போதும்: புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்கிறோம். டாட் 5 சிலிக்கான் வகை; டாட் 4 உடன் கலக்கவே கூடாது. பெயர் ஒத்திருந்தாலும் டாட் 5.1 வேறு, அது கிளைக்கால் வகை. இன்ஜின் ஆயிலோ மற்ற கனிம எண்ணெயோ ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர்கள் உப்பிவிடும்; மொத்த ரப்பர் கிட்டையும் மாற்றி, பைப்களைக் கழுவித்தான் ஓட்ட வேண்டும்.